மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு எத்தனை டன் ஏசி? மதுரை வெயிலுக்கு ஒரு முழுக் கணக்கு

"அறை எத்தனை சதுர அடி?" ஏசி வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவே. 130 என்று சொன்னால் ஒரு டன், 180 என்று சொன்னால் ஒன்றரை டன் என்று பில் தயாராகிவிடும். அந்த அறை எந்த மாடியில் இருக்கிறது, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, தலைக்கு மேல் இன்னொரு வீடு உண்டா இல்லையா என்று கேட்பவர் அரிது. மதுரையில் இருபது ஆண்டுகளாக ஏசி பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். சித்திரை பிறந்ததும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, பழுதே இல்லாத ஏசிகளைப் பற்றியவை.

போன கோடையில் வில்லாபுரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். "தம்பி, கேஸ் போயிருக்கும். நிரப்பிவிட்டுப் போங்கள்" என்றார் ஐயா. கேஸின் அழுத்தம் காட்டும் கேஜ் போட்டுப் பார்த்தேன், கேஸ் சரியாக இருந்தது. வடிகட்டி சுத்தமாக இருந்தது. காற்று வெளிவரும் இடத்தில் வெப்பமானி 14 டிகிரி காட்டியது. இரவு எட்டு மணிக்குப் போட்ட ஏசி, பத்து மணிக்கும் அறையை 29 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முக்காலியைப் போட்டு ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. ஐயாவையும் ஏறித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. "இதையா ராத்திரி முழுக்கக் குளிர வைக்கப் பார்க்கிறோம்?" என்றார்.

அந்த 132 சதுர அடி அறைக்குக் கடையில் கொடுத்தது ஒரு டன். அதே குடியிருப்பின் முதல் மாடியில், அதே அளவு அறைக்கு, அதே ஒரு டன் நன்றாகக் குளிர்விக்கிறது. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் ஐயாவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கூட்டலும் பெருக்கலும் போதும்.

முதல் படி: டன்னை மறந்து வாட்டுக்கு வாருங்கள்

ஏசியில் சொல்லப்படும் டன், எடை அல்ல. இயந்திரக் குளிர்ச்சி வருவதற்கு முன் பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்தில் பிறந்த அளவு அது. அமெரிக்க டன் ஒன்று, அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் எவ்வளவோ அதுவே ஒரு டன். மணிக்கு 12,000 பிடியு என்றும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது ஒரே எண்: ஒரு டன் என்றால் 3,517 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் திறன். இது ஏசி குடிக்கும் மின்சாரம் அல்ல. மின்சாரம் இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஆகும்.

அறைக்குள் நுழையும் வெப்பத்தையும் வாட்டில் கணக்கிட்டால், இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்துவிடலாம்.

குளிர் நாடுகளிலும் இதே சிக்கல் தலைகீழாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் வாடகைக்கு எடுத்த வீட்டில், சுவரின் அடியில் தரையை ஒட்டி நீளமான மின் ஹீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே சதுர அடிக்குப் பத்து வாட் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அவனுடைய அறை கட்டடத்தின் மூலையில், இரண்டு பக்கம் வெளிச்சுவரோடு இருக்கிறது. நடுவில் உள்ள அறைக்குப் போதுமான ஹீட்டர் அவனுக்குப் போதவில்லை. வெப்பம் தரை வழியாக மட்டும் போவதில்லை, வெளியைப் பார்க்கும் ஒவ்வொரு முகத்தின் வழியாகவும் போகிறது. நமக்கு அது உள்ளே வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. எந்த ஊராக இருந்தாலும் முகம் முகமாகத்தான் எண்ண வேண்டும்.

இரண்டாம் படி: மதுரைச் சூரியனைத் தெரிந்துகொள்ளுங்கள்

மதுரை, பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாத நாட்கள் அவை. கோடை முழுவதும் சுவர்களை விட மொட்டை மாடியே வெயிலை அதிகமாக வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் முக்கியம். மே, ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் நமக்கு வடபுறமாகச் செல்கிறது. வட இந்தியாவுக்கோ வெளிநாட்டுக்கோ எழுதிய குறிப்புகளில் "தெற்கு ஜன்னலை மறையுங்கள்" என்றிருக்கும். கத்திரி வெயிலில் மதுரையின் தெற்குச் சுவர் நிழலில் இருக்கிறது. வெயில் வடக்குச் சுவரைத்தான் தடவிக்கொண்டு போகிறது. தெற்கு ஜன்னலில் வெயில் நன்றாக விழுவது மார்கழி, தையை ஒட்டிய மாதங்களில்தான். வாடகைக்கு வீடு பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு நான் எடுத்துக்கொள்வது மே மாதத்து மாலை ஐந்து மணி. வெளியே 40 டிகிரி, உள்ளே நமக்கு வேண்டியது 25. இதைவிட மோசமான நாளும் வரும். ஆனால் ஆண்டில் சில நாட்களுக்காகப் பெரிய இயந்திரம் வாங்கி மற்ற நாட்களில் அவதிப்படுவது சரியல்ல. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: அளவு எடுங்கள், பிறகு மாடிக்கு ஏறுங்கள்

ஒரு டேப் போதும். அறையின் நீளம், அகலம், உயரம், ஒவ்வொரு ஜன்னலின் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திசையைக் கைப்பேசியில் உள்ள திசைகாட்டியில் பாருங்கள். "வீடு கிழக்குப் பார்த்தது" என்று வாசலை வைத்துச் சொல்வதை நம்பிப் படுக்கையறைச் சுவரின் திசையைத் தவறாக எழுதியவர்கள் பலர்.

அடுத்து, ஆறு முகங்களில் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வெளியா, ஹாலா, பக்கத்து வீடா, மாடிப்படியா? சுவர் ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா? கதவு நிலையருகே பார்த்தால் சுவரின் கனம் தெரிந்துவிடும்.

மேல்மாடி வீடு என்றால் மாடிக்கு ஏறிப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். வெறும் காங்கிரீட்டா? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்திருக்கிறார்களா? வெள்ளை ஓடா? உங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டியோ சூரியத் தகடோ நிழல் தருகிறதா? வில்லாபுரத்தில் தட்டோடு பதித்திருந்தது. ஆனால் வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போயிருந்தது. கறுத்த தளம் வெயிலை அப்படியே விழுங்கும்.

நான்காம் படி: ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண்

கீழே தருபவை, சதுர அடிக்கு எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்று நான் பயன்படுத்தும் எண்கள். கட்டுமானப் பொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவையும் வெயிலில் அது எவ்வளவு சூடாகிறது என்பதையும் சேர்த்து, மேலே சொன்ன மே மாத மாலைக்குக் கணக்கிட்டு முழு எண்ணாக்கியவை. பெரிய அலுவலகத்துக்கு இது போதாது. வீட்டு அறைக்குப் போதும்.

முதலில் கூரை. பூச்சில்லாத வெறும் காங்கிரீட் தளத்துக்குச் சதுர அடிக்கு 9 வாட். ஜல்லியும் தட்டோடும் போட்டிருந்து, கறுத்துப்போயிருந்தால் 7. அதன் மேல் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ இருந்து சுத்தமாகவும் இருந்தால் 4. மேலே இன்னொரு வீடு இருந்தால் வெறும் 1.5. இந்த ஒரே வரியில்தான் மேல்மாடிக்கும் நடுமாடிக்கும் உள்ள முழு வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

கூரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் பகல் வெயிலை விட இரவு வெக்கைதான் மக்களை வாட்டுகிறது. வில்லாபுரத்து அறையின் மேல் உள்ள ஐந்து அங்குலக் காங்கிரீட் மட்டும் மூவாயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல் எடை. பகல் முழுவதும் வெயில் குடித்த அந்தப் பாளம், இரவில் பத்து டிகிரி ஆறுவதற்குள் வெளியே விடும் வெப்பம் ஏறத்தாழ ஒன்பது யூனிட் மின்சாரத்துக்கு இணை. ஒன்பது மணி நேரம் ஒரு கிலோவாட் ஹீட்டரை ஓடவிட்டதற்குச் சமம். அதில் ஒரு பகுதி வானத்தை நோக்கிப் போகும். மீதி நம் கட்டிலை நோக்கி இறங்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை குளிராமல் இருப்பது இதனால்தான். மாசி வீதிகளின் பழைய வீடுகளில் மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனத்த தளமும், சூடான காற்று மேலே போக முற்றமும் இருக்கும். அடுக்குமாடியில் இரண்டும் இல்லை.

சுவர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மேற்குப் பார்த்திருந்தால் 4, மற்ற வெளிச்சுவர்களுக்கு 3. இப்போது சில குடியிருப்புகளில் வெளிச்சுவரையும் நாலரை அங்குலத்தில் எழுப்பிவிடுகிறார்கள். அப்படியானால் மேற்குக்கு 6, மற்றவற்றுக்கு 4.5. இலேசான காற்றடைத்த கான்கிரீட் கட்டிகளால் எட்டு அங்குலத்தில் கட்டியிருந்தால் மேற்குக்கே 2 போதும். ஏசி இல்லாத ஹால், அடுத்த அறை ஆகியவற்றைப் பார்க்கும் உள்சுவருக்கு 1.5. பக்கத்து அறையிலும் அதே நேரத்தில் ஏசி ஓடும் என்றால் அந்தச் சுவரை விட்டுவிடலாம். தரைக்கும் 1.5.

ஜன்னல்தான் பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். மறைப்பில்லாத மேற்குக் கண்ணாடி, மாலையில் சதுர அடிக்கு 50 வாட்டை உள்ளே விடுகிறது. அதே அளவு செங்கல் சுவரைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். உள்ளே கனத்த திரை போட்டால் 35. வெளிப்புறம் மூங்கில் தட்டியால் மறைத்தால் 15. திரைக்கும் தட்டிக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? திரையை அடையும்போது வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்கே கொடுக்கும். வெளியே தொங்கும் தட்டி அந்தச் சூட்டை வெளிக்காற்றிலேயே விட்டுவிடும். சன்ஷேடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒன்றரை அடிச் சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுக்கும். தாழ்ந்து வரும் மாலை வெயில் அதன் அடியில் நுழைந்துவிடும். வெயில் நேராக விழாத மற்றத் திசை ஜன்னல்களுக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எளிது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளுக்கு மூச்சின் ஈரத்தையும் சேர்த்து 120 வாட். மின்விசிறி, விளக்கு, டிவி ஆகியவற்றுக்கு அவற்றின் மேல் எழுதியிருக்கும் வாட்டே கணக்கு. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். புதிய பிஎல்டிசி விசிறி அதில் பாதிக்கும் கீழ். கதவு, ஜன்னல் இடுக்குகளில் நுழையும் சூடான, ஈரமான காற்றுக்கு அறையின் கனஅடியைக் கால் வாட்டால் பெருக்குங்கள். குளியலறைக் கதவைத் திறந்தே வைக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் குளியலறையின் கனஅடியையும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கூட்டுங்கள்

வில்லாபுரத்து அறை 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. மேற்குச் சுவர் 12 அடி நீளம், அதில் நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று, உள்ளே கனத்த திரை. வடக்குச் சுவர் 11 அடி, அதுவும் வெளிச்சுவர், ஜன்னல் இல்லை. மற்ற இரண்டும் உள்சுவர்கள்.

கூரை 132 சதுர அடி, பெருக்கல் 7: 924 வாட்.
மேற்குச் சுவர், ஜன்னல் போக 104 சதுர அடி, பெருக்கல் 4: 416.
வடக்குச் சுவர் 110, பெருக்கல் 3: 330.
உள்சுவர்கள் இரண்டும் சேர்த்து 230, பெருக்கல் 1.5: 345.
தரை 132, பெருக்கல் 1.5: 198.
ஜன்னல் 16, பெருக்கல் 35: 560.
இரண்டு பேர்: 240.
விசிறி, விளக்கு, டிவி: 175.
இடுக்குக் காற்று, 1,320 கனஅடிக்கு: 330.

மொத்தம் 3,518 வாட். ஒரு டன் 3,517. "அப்படியானால் கடைக்காரர் சரியாகத்தானே கொடுத்திருக்கிறார்?" என்று ஐயா கேட்டார். காகிதத்தில் சரிதான். ஆனால் பல ஒரு டன் ஏசிகளின் லேபிளில் 3,517 இருப்பதில்லை. 3,300, 3,400 என்றுதான் இருக்கும். அந்த எண்ணும், வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துப் பார்த்து எழுதியது. மொட்டை மாடியில், கொதிக்கும் தளத்தின் மேல் நிற்கும் அவருடைய அவுட்டோர் யூனிட் உறிஞ்சும் காற்று மாலை நாலு மணிக்கு 43 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் திறன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழும். கையில் கிடைப்பது 3,000 வாட். தேவை 3,500. இடையில் உள்ள 500 வாட்தான் அவர்களுடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

முதல் மாடியில் உள்ள அதே அறைக்குக் கூரை வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். 924-க்குப் பதில் 198. மொத்தம் 2,792. அதே ஒரு டன் அங்கே தாராளமாகப் போதும்.

ஆறாம் படி: இயந்திரத்தைப் பெரிதாக்கும் முன் வெப்பத்தைச் சிறிதாக்குங்கள்

இந்த இடத்தில் ஒன்றரை டன் வாங்கச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை எளிது, கூலியும் கிடைத்திருக்கும். ஆனால் கணக்கை மறுபடி பாருங்கள். மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் 7 என்பது 4 ஆகும். 396 வாட் குறையும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால் 35 என்பது 15 ஆகும். 320 வாட் குறையும். இரண்டும் சேர்ந்து 716. புதிய மொத்தம் 2,802 வாட். ஒரு டப்பா வெள்ளையும் ஒரு தட்டியும் சேர்ந்து மூன்றாவது மாடியை முதல் மாடியாக்கிவிடுகின்றன. பழைய ஒரு டன்னே போதும்.

பூச்சு அடிக்கும் முறையைச் சரியாகச் செய்யாவிட்டால் முதல் மழையிலேயே கரைந்துவிடும். மாசி, பங்குனியில் செய்யுங்கள். சித்திரைக்குள் நன்றாகப் பிடித்துவிடும். தளத்தை இரும்புத் துடைப்பத்தால் தேய்த்துப் பாசியையும் தூசியையும் எடுத்து, கழுவிக் காயவிடுங்கள். விரிசல்களை அடைத்த பிறகே பூச வேண்டும். கடையில் கிடைக்கும் வெள்ளைக் கூரைப் பூச்சு சில ஆண்டுகள் நிற்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் சுண்ணாம்பு. முதல் நாள் இரவே சுண்ணாம்பை நீரில் ஊறப்போட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, வெள்ளைச் சிமெண்டும் பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஒட்டுப் பசையும் கலக்க வேண்டும். தளத்தை லேசாக நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு பூசுங்கள். இரண்டு கை போதாது, மூன்று கை அடியுங்கள். சுண்ணாம்பு பூச்சு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்திடம் சொல்லாமல் பூசிவிட்டு, துணி காயப்போட வந்தவருடன் சண்டை வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே பேசுங்கள். மேல்மாடியில் நான்கு வீடுகள் இருந்தால் நான்கு பேருமே சேர்ந்து செய்வது நல்லது. உங்கள் அறைக்கு மேல் மட்டும் பூசினால், பக்கத்துத் தளத்தின் சூடு ஓரங்களில் வந்துகொண்டுதான் இருக்கும். கீற்றுப் பந்தல் போடலாமா என்று கேட்பார்கள். தீப்பிடிக்கும் பொருளை அத்தனை குடும்பங்களின் தலைக்கு மேல் வைக்க வேண்டாம்.

தட்டியைப் பற்றி ஒரு சொல். ஜன்னலை ஒட்டிக் கட்டாதீர்கள். நாலு விரல் இடைவெளி விட்டு, அடியிலும் மேலேயும் காற்றுப் போக வழி வைத்துத் தொங்கவிடுங்கள். ஆடி மாதக் காற்று பலமாக அடிக்கும். கீழ்முனையில் இரண்டு கொக்கி போட்டு இழுத்துக் கட்டாவிட்டால், மூன்றாவது மாடியிலிருந்து தெருவில் விழும்.

ஏழாம் படி: இப்போது இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

லேபிளில் உள்ள திறன் வெயிலில் குறைவதை ஈடுகட்ட, உங்கள் மொத்தத்தை 1.15-ஆல் பெருக்குங்கள். அவுட்டோர் யூனிட் வெயிலில் நிற்கும் என்றால் 1.2. அந்த எண்ணுக்குக் குறையாத வாட் உள்ள ஏசிதான் உங்களுக்கு வேண்டியது. வெப்பத்தைக் குறைத்த பிறகு வில்லாபுரத்துக்கு 2,802 பெருக்கல் 1.2, அதாவது 3,362. லேபிளில் 3,400 வாட் உள்ள ஒரு டன் சரியாகப் பொருந்துகிறது. குறைக்காவிட்டால் 3,518 பெருக்கல் 1.2, அதாவது 4,222. அப்போது ஒன்றரை டன்னைத் தவிர வழியில்லை.

கடையில் "டன் எத்தனை" என்று கேட்காதீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் நட்சத்திர லேபிளில் குளிர்விக்கும் திறன் வாட்டில் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். தேவைக்கேற்பக் கம்பிரஸரின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசிக்கு முழுத் திறனும் பாதித் திறனும் தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு முழுத் திறன் எண் வேண்டும். ஒரே "ஒன்றரை டன்" பெயரில் ஒன்று 4,800 வாட்டும் இன்னொன்று 5,200 வாட்டும் தரலாம். நட்சத்திரத்தைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

எதற்கும் இரண்டு டன்னாகவே வாங்கிவிடலாமா? வேண்டாம். பழைய வகை ஏசி சிறிய அறையை ஐந்து நிமிடத்தில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறை சில்லென்று இருக்கும், போர்வை நசநசக்கும். கம்பிரஸர் அடிக்கடி நின்று எழுந்து தேயும். இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. தேவைக்குமேல் மிகப் பெரியதாக இருந்தால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

மின்கட்டணத்தையும் இப்போதே பாருங்கள். வெப்பத்தைக் குறைத்த அந்த அறையில் இரவு சராசரி 1,800 வாட் வெப்பத்தை வெளியேற்ற நல்ல இன்வெர்ட்டர் 500 வாட் போல எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு நாலு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தமிழ்நாட்டில் மின்கட்டணக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், மற்றச் செலவோடு சேர்த்து எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்ப்பது நல்லது. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அதை 18-க்கு இறக்குவதால் அறை வேகமாகக் குளிராது. 25-இல் வைத்து விசிறியைச் சுற்றவிடுங்கள்.

எட்டாம் படி: பொருத்தும் நாள்

அவுட்டோர் யூனிட்டுக்குத் தெற்கு அல்லது கிழக்குச் சுவரில் நிழலான இடம் இருந்தால் அதற்கே முதலிடம். மொட்டை மாடிதான் என்றால் தளத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் தாங்கி வைத்து, மேலே தகர நிழல் போடுங்கள். முன்னால் ஊதும் காற்றை எதுவும் மறிக்கக் கூடாது. காற்றோட்டத்துக்காக விட்ட குறுகலான சந்தில் நாலு வீட்டு யூனிட்டுகள் ஒன்றின் மூச்சை ஒன்று குடிப்பதைப் பல குடியிருப்புகளில் பார்க்கிறேன். அங்கே எத்தனை டன் வாங்கினாலும் கணக்கு தோற்கும்.

செம்புக் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. குழாயை இணைத்த பிறகு, உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப்பை இருபது நிமிடமாவது ஓடவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுகிறேன் என்பவரை அனுமதிக்காதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் இயந்திரத்தைத் தின்றுவிடும். ஒன்றரை டன்னுக்கு மின்பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்கென ஒரு எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த். சாதாரண பிளக்கில் மாட்டிய ஏசியால் உருகிய சுவிட்சுகளை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும், 18 டிகிரியில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஏசி உறிஞ்சும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் பத்து முதல் பன்னிரண்டு டிகிரி வேறுபாடு இருந்தால் இயந்திரம் சரி. அதன் பிறகும் அறை குளிரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் முக்காலியைப் போட்டு ஏறி, உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

வில்லாபுரத்தில் இந்த மாசியில் நான்கு வீட்டாரும் சேர்ந்து மாடி முழுவதும் வெள்ளை அடித்தார்கள். தட்டியைத் தலைமையாசிரியர் தம் கையாலேயே கட்டினார். சித்திரையில் சர்வீஸுக்குப் போனபோது இரவு ஒன்பது மணி. அதே ஒரு டன், சத்தம் தணிந்து மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. வெப்பமானியில் 25.5. அம்மா முக்காலியைக் கொண்டுவந்து கட்டிலருகே போட்டு, "ஏறித் தொட்டுப் பாருங்கள் தம்பி" என்றார்.